வீட்டிலிருந்து எத்தனை அடி?

1

ஒரு உறுதிமொழியோடு ஆரம்பிக்கிறேன். வெளிநாட்டில் குடியேறியவன் பறவைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மூன்றாவது பத்திக்குள் தன்னையே ஒரு வலசைப் பறவை என்று சொல்லிக்கொள்வான். சைபீரியாவிலிருந்து வேடந்தாங்கல் வரைக்கும் வாசகரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். நான் அதைச் செய்யப் போவதில்லை. நான் பறந்து வந்தவன் இல்லை. மூன்று சான்றிதழ், இரண்டு மொழிபெயர்ப்பு, ஒரு தூதரக வரிசை, இவற்றின் வழியாக வந்தவன். பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயரில் ஏன் ஓர் எழுத்து வித்தியாசம் என்று எந்தப் பறவையிடமும் யாரும் கேட்டதில்லை.

போன வாரத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் மென்பொருள் வேலை. இங்கே எல்லாருக்கும் நான் ஹெர் தேவசகாயம். அது என் பெயர் இல்லை, அப்பாவின் பெயர். என் பெயர் சாமுவேல். சென்னைக்குப் பக்கத்தில் செம்பாக்கத்தில் இருந்தவரை எல்லாரையும் போல அப்பாவை ஒரு இனிஷியலாக முன்னால் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். விசா படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்குக் குடும்பம் இருக்கிறது, குடும்பப் பெயர் இல்லை என்றேன். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். அப்பாவைப் போட்டேன். அன்றிலிருந்து பல் மருத்துவரின் வரவேற்பறையில் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

அதே வாரத்தில்தான் ஊர் நூலகத்தின் முன்கூடத்தில் ஒரு படக் கண்காட்சியைத் திறந்தார்கள். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் என் காலை வேளையைச் சொல்லியாக வேண்டும்.

2

ஆறு மணிக்கு அலாரம். கண்ணைத் திறக்காமலே கை போனைத் தேடும். ஊரில் அப்போது பத்தரை. ‘தேவசகாயம் குடும்பம்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் எனக்கு முன்பே எழுந்து காலை வணக்கம் சொல்லி முடித்திருப்பார்கள். ரோஜாப்பூ ஒன்று, ஆவி பறக்கும் காபிக் கோப்பை ஒன்று, சூரிய உதயம் நான்கு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வேதவசனம்.

அம்மா அனுப்புவதில் மட்டும் ரோஜா இருக்காது. ஒரு பறவை இருக்கும், இல்லையென்றால் ஒரு வண்ணத்துப்பூச்சி. மேலே மஞ்சள் எழுத்தில் ‘காலை வணக்கம்’, கீழே வசனம். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது பார்த்ததால் இல்லை, ஊகத்தால். போன் நிரம்புகிறது என்று குழுவில் வரும் படங்கள் தானாக இறங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். ஆகவே எனக்கு வந்ததெல்லாம் மங்கலான ஒரு சதுரம், அதன் நடுவில் ஓர் அம்புக்குறி. சதுரம் பச்சையாக இருந்தால் கிளி என்று வைத்துக்கொள்வேன். நீலமாக இருந்தால் வானம். அதற்குக் கீழே ஒரு கும்பிடு போடுவேன். பல் தேய்ப்பதற்கு முன்பே மகனாக இருக்கும் வேலை அன்றைக்கு முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அம்மா கூப்பிடுவார்.

“நான் அனுப்புறதெல்லாம் பார்க்கிறியாப்பா?”

“பார்க்கிறேம்மா. சூப்பரா இருக்கு.”

“நேத்து அனுப்பினது?”

“அதான் இருக்கறதுலயே பெஸ்ட்.”

கிட்டத்தட்ட ஐந்து வருடம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமைப் படம்தான் பெஸ்ட்.

3

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பறவைகளைப் படம் எடுப்பவன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது, கார் கழுவக் கூடாது, கடைகள் கிடையாது. முதல் இரண்டு குளிர்காலத்தை மனைவியும் நானும் ஜன்னல் வழியாக எதிர் வீட்டுக் கூரையைப் பார்த்தே ஓட்டினோம். அந்தக் கூரையில் வந்து உட்கார்ந்த ஒரு கறுப்புப் பறவையைத்தான் முதலில் எடுத்தேன். பிறகு ஊரின் இயற்கைப் படக் கழகத்தில் சேர்ந்தேன். விண்ணப்பம் மூன்று பக்கம். முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, மனப்பாடம் செய்திருந்த ஜெர்மனில், “என்னிடம் ஒரு பறவை இருக்கிறது” என்றேன். ஒரு நல்ல பறவைப் படம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். இந்த மொழியில் அப்படிச் சொன்னால் மண்டையில் நட்டு கழன்றிருக்கிறது என்று அர்த்தமாம். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை.

அதன் பிறகு நான் நன்றாகவே தேறிவிட்டேன். என் லென்ஸ் மூன்று கிலோ. மனைவி அதை ‘ரெண்டாவது புள்ளை’ என்பாள். இலை இலையாகத் தொங்கும் பச்சை மறைவு அங்கி ஒன்று வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு சேற்றில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஒரு மரங்கொத்தியை எடுத்திருக்கிறேன். இங்குள்ள சிட்டுகளில் ஐந்து வகையைக் குரலை வைத்தே பிரித்துச் சொல்வேன். ஜெர்மன்காரர்களே பாராட்டுவார்கள்.

வீட்டில் ஒரு பெண், பதினான்கு வயது. இரண்டு நாட்டிலும் வாயில் நுழைய வேண்டும் என்று ஹன்னா என்று வைத்தோம். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். தமிழ் பேசும்போது என்னை ‘நீ’ என்பாள், பக்கத்து வீட்டுப் பூனையை ‘நீங்க’ என்பாள். பிள்ளை கையை விட்டுப் போகிறாள் என்று நானும் மனைவியும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து கவலைப்படுவோம். ஒருநாள் அவள் போன் திரையில் சின்ன நீல மீன்கொத்தி ஒன்றைப் பார்த்தேன். நல்ல வெளிச்சம், கண்ணில் ஒரு பொட்டு ஒளி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இது நம்ம ஆத்துலயே இருக்கு, தெரியுமா? நெட்ல இருந்து எடுக்காதே, அப்பா உனக்கு நிஜமாவே எடுத்துத் தர்றேன்” என்று ஐந்து நிமிடம் பாடம் நடத்தினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “ம்” என்றாள்.

4

கழகத்தின் தலைவர் ஹெர் க்ராமர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் அளந்துவிட்டுத்தான் ரசிப்பார். இந்த வருடக் கண்காட்சிக்கு ‘வீட்டு வாசலிலிருந்து’ என்று தலைப்பு வைத்தார். காட்டுக்கும் தீவுக்கும் போய் எடுத்ததெல்லாம் வேண்டாம், வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைக் காட்டுங்கள் என்றார். ஒருவருக்குப் பத்துப் படம். படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம்: பெயர், பருவம், அடையாளம், குரல், வீட்டிலிருந்து தூரம். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்களுக்கு இரண்டு வீடு. நீங்கள் வளர்ந்த வீட்டைச் சுற்றி உள்ள பறவைகளைக் காட்டினால் எங்களுக்கெல்லாம் புதிதாக இருக்கும்” என்றார். நல்ல மனசு. “தாராளமாக, அங்கே ஏரியே இருக்கிறது” என்று நெஞ்சை நிமிர்த்தி ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் செம்பாக்கத்துப் பறவைகளைப் பட்டியல் போட உட்கார்ந்தேன். காக்கா. மைனா. கிளி. பருந்து. குயில், பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். வெள்ளையாக இருந்ததெல்லாம் கொக்கு. சின்னதாக இருந்ததெல்லாம் குருவி. அதோடு பேனா நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருடம் அந்த ஏரிக்கு எதிரே குடியிருந்திருக்கிறேன். கரை மேல் நடந்துதான் டியூஷனுக்குப் போனேன், அந்தக் கரையில் உட்கார்ந்துதான் ஜெர்மனிக்குப் போவது என்று முடிவெடுத்தேன். தண்ணீரில் என்ன நீந்தியது என்று கேட்டால் ஆகாயத்தாமரை என்றுதான் சொல்ல முடிந்தது.

தாளை எட்டிப் பார்த்த ஹன்னா, “இவ்ளோதானா?” என்றாள், தமிழிலேயே.

ஜனவரியில் பத்து நாள் விடுப்பு எடுத்தேன். அப்பா இறந்தபோது நான்கு நாள் போய் வந்தேன், அதற்குப் பிறகு ஊருக்குப் போவது இதுதான் முதல் முறை. மூன்றரை வருடம். அம்மாவைப் பார்க்கப் போவதாகத்தான் எல்லாரிடமும் சொன்னேன்.

5

சென்னை விமான நிலையத்தில் லென்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி, “கல்யாண கவரேஜா சார்?” என்றார். கொக்கு என்று சொன்னால் பெட்டியை இன்னும் நன்றாகத் துழாவுவார் என்று தோன்றியதால் ஆமாம் என்றேன்.

அம்மா தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். வயது எழுபத்தொன்று, முழங்கால் வலி, தனியாகத்தான் இருக்கிறார். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை நன்றாகத் தெரியும். வந்த அன்று இரவு சாப்பாட்டின்போது என் திட்டத்தைச் சொன்னேன். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், கரையில் ஓர் இடம் பிடிக்க வேண்டும், அசையக் கூடாது.

“நானும் வரட்டுமாப்பா?”

“வேணாம்மா. உங்களுக்கு முட்டி வலி. அதோட அங்க சத்தம் போடாம இருக்கணும், அதெல்லாம் ஒரு பழக்கம்.”

“சரிப்பா” என்றார் அம்மா. இன்னொரு சப்பாத்தி வைத்தார்.

மறுநாள் மறைவு அங்கியைப் போட்டுக்கொண்டு கரையில் போய் உட்கார்ந்தேன். ஜெர்மன் காட்டில் அந்த அங்கி என்னை ஒரு புதராக்கிவிடும். செம்பாக்கம் ஏரிக்கரையில் அது என்னை ஒரு கூட்டமாக்கியது. ஆறே கால் மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஆறரைக்கு ஏழு பேர். கரையோரக் குடிசை வரிசையிலிருந்து ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

“யாருய்யா நீ? இன்னாத்துக்கு எங்க வூட்டப் பார்த்து போட்டோ புட்ச்சிகினு கீற?”

“வீட்டை இல்லைங்க. பறவை.”

“பறவ புடிக்க மிலிட்ரி டிரெஸ்ஸா?”

ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்த ஒருவர் என் லென்ஸைச் சுற்றி வந்து பார்த்தார். “சர்வேக்கு வந்துகிறீங்களா சார்? இப்டித்தான் போன தபா ஒருத்தர் போட்டோ புட்ச்சினு போனாரு. அப்பால காலி பண்ண சொல்லி பத்து வூட்டுக்கு நோட்டீசு வந்துச்சு. எங்களுக்கு இன்னா பேஜார் தெரியுமா?”

அவர்கள் பயம் நியாயமானது. என் விளக்கம்தான் எடுபடவில்லை. ஜெர்மனியிலிருந்து வருகிறேன் என்றேன். ஜெர்மன் கம்பெனியா ஏரியை வாங்கிவிட்டது என்று ஒருவர் கேட்டார். பன்னிரண்டு வருடமாக அந்நிய தேசத்தில் ஒவ்வொரு அலுவலகமாக நான் யார் என்று நிரூபித்துப் பழகியவன், சொந்த ஏரிக்கரையில் அடையாள அட்டை தேடிப் பையைத் துழாவினேன். கடைசியில் வேறு வழியில்லாமல் கையை நீட்டி, “அதோ, அந்த மஞ்சள் மாடி வீடு. தேவசகாயம் சார் வீடு. அவர் பையன்” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் அப்படியே மாறிவிட்டது.

“டீச்சரம்மா புள்ளையா நீ? கேமரா டீச்சர் புள்ள! மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“கேமரா டீச்சரா?”

“டெய்லி காலீல வருவாங்களே,” என்றார் ஆட்டோக்காரர். “கால் வலின்னா என் வண்டிலதான் கொணாந்து வுடுவேன். அந்தாண்ட கோரைல நாமக்கோழி குஞ்சு பொரிச்சிச்சு பாரு, டீச்சர்தான் மொத பார்த்தாங்க. போட்டோ புட்ச்சி எல்லார்க்கும் காமிச்சாங்க. உனக்குத்தான் டெய்லி அனுப்புவாங்களாமே. ஜெர்மனில பையன் கீறான், அவன் பெரிய போட்டோகிராபரு, அவனுக்குப் புடிக்கும்னு சொல்வாங்க. நீ பார்க்கல?”

கூட்டம் முழுவதும் என் பதிலுக்காகக் காத்திருந்தது. மறைவு அங்கி இருந்தும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

6

அம்மா சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். கறிவேப்பிலைச் செடியின் பக்கத்து ஜன்னலில், நான் ஊருக்கு வந்த வேறொரு தடவை பெட்டி எடை கூடிவிட்டது என்று விட்டுவிட்டுப் போன பழைய கேமரா இருந்தது. அதற்கு ஒரு துணி உறை தைத்துப் போட்டிருந்தார். முந்தின நாள் வந்ததும் அதைப் பார்த்தேன். மசாலா டப்பா என்று நினைத்தேன்.

“எத்தனை பறவைப்பா கிடைச்சுது?”

“நீங்கதான் எடுக்கிறீங்கன்னு ஏம்மா சொல்லவே இல்லை?”

“தினம் அனுப்புறேனே. வேற எப்படிச் சொல்றது?”

“ஃபார்வர்டுன்னு நினைச்சேம்மா. மேல காலை வணக்கம், வசனம் எல்லாம் இருந்ததால...”

“வசனம் இல்லாம போட்டா குரூப்ல ஒருத்தரும் பார்க்க மாட்டாங்கன்னு போட்டேன்.” தோசையைத் திருப்பினார். “வழி காட்டாம விடையை மட்டும் எழுதற பசங்களை முதல் வரியிலேயே கண்டுபிடிச்சிடுவேன் நான். ‘அதான் பெஸ்ட்’னு நீ சொல்றப்ப ஒவ்வொரு வாரமும் தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் அனுப்பினீங்க?”

“என்னைக்காவது ஒண்ணைத் தொறப்பேன்னுதான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வீட்டுப்பாடம் கொண்டு வராத பையனிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

அறைக்குள் போய்க் குழுவைத் திறந்து, அம்மா அனுப்பிய சதுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். கடைசி ஒரு மாதத்துப் படங்கள் இறங்கின. தாமரை இலை மேல் நடக்கும் இலைக்கோழி. கறிவேப்பிலையில் முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி, வயிற்றை வளைத்திருக்கிறது. இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைக்கும் தையல்சிட்டு, அலகில் நூல். அந்தத் தையல்சிட்டை மூன்று கிலோ லென்ஸோடு போனாலும் என்னால் எடுத்திருக்க முடியாது. அதற்கு அந்த ஜன்னலில் தினம் காய் நறுக்க வேண்டும், பறவை பழக வேண்டும்.

அதற்கு முந்தைய மாதத்தைத் தொட்டேன். படம் இப்போது இல்லை, மீண்டும் அனுப்பும்படி அனுப்பியவரிடம் கேளுங்கள் என்று வந்தது. அதற்கு முந்தையதும் அப்படியே. எல்லாமே அப்படியே. அனுப்பியவர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். போய்க் கேட்டேன்.

“அழிச்சிட்டேனேப்பா. கார்டு ஃபுல்னு காட்டும், போனும் ஸ்லோ ஆயிடும். அனுப்பினதும் அழிச்சிடுவேன். உன்கிட்டதான் பத்திரமா இருக்கேன்னு.”

குழுவில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரையும் கேட்டுப் பார்த்தேன். ஒருவரிடமும் இல்லை. எங்கள் குடும்பம் ஒற்றுமையான குடும்பம், எல்லாரும் ஒன்றாகத்தான் கும்பிடு போட்டிருக்கிறோம்.

“முதல்ல எடுத்த படம் எதும்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“காக்கா. உங்கப்பா காலையில காம்பவுண்டு சுவர்ல தோசைத் துண்டு வைப்பாரே, அது. காக்கா அவர் கையிலேர்ந்தே கொத்துச்சு. அவர் மூஞ்சி வரலை, கை மட்டும்தான். வாட்ச் கட்டின கை. உனக்கு அனுப்பறேன்னு அவர்கிட்ட சொன்னேன். ‘அவன் என்ன சொல்றான்?’னு ராத்திரி கேட்டார். கும்பிடு போட்டிருக்கான்னு காட்டினேன். சந்தோஷப்பட்டார்.”

ஐந்து வருடத்தை விரலால் தள்ளித் தள்ளி அந்த நாளுக்குப் போனேன். சதுரம் இருந்தது. கறுப்பாக ஒன்று, பழுப்பாக ஒன்று. பழுப்பு, அப்பாவின் கை. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது கை ஆகவில்லை. கீழே என் கும்பிடு மட்டும் துல்லியமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.

மீதி நாட்களில் அங்கியைப் போடவில்லை. அம்மாவோடு போனேன், அவருடைய தண்ணீர் பாட்டிலையும் மடக்கு ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு. அம்மா கரையில் ஒரு நிமிடம்கூட வாயை மூடவில்லை. ஆட்டோக்காரரின் மகள் கணக்கில் எத்தனை மார்க், யார் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, எல்லாம் பேசினார். முக்குளிப்பானைப் பார்த்து, “ஏய், இந்தப் பக்கம் திரும்பு” என்று சத்தமாகவே சொன்னார். அது திரும்பியது.

7

திரும்பி வந்த அன்று ஹன்னாவிடம் நடந்ததைச் சொன்னேன். பாட்டியின் படங்களை எல்லாரும் தொலைத்துவிட்டோம் என்றேன்.

“யார் தொலைச்சா? என்கிட்ட இருக்கே” என்றாள்.

பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குப் போன் வாங்கிக் கொடுத்ததிலிருந்து, குழுவில் பாட்டி அனுப்பிய ஒவ்வொன்றும் அவளிடம் தேதிவாரியாக இருந்தது. அவள் பறவையின் ஜெர்மன் பெயரைத் தனியாகப் பாட்டிக்கு எழுதுவாளாம், பாட்டி தமிழ்ப் பெயரைத் தேடி எழுதுவாராம். போன் திரையில் இருந்த மீன்கொத்தியும் பாட்டி எடுத்ததுதான்.

“அன்னைக்கு நான் பேசினப்ப ஏன் சொல்லலை?”

“நீ பேசிட்டே இருந்தே” என்றாள்.

கையை விட்டுப் போவது யார் என்பது பற்றி அந்த வாரம் நாங்கள் கவலைப்படவில்லை. ஆனால் அவளிடம் இருந்தது இரண்டரை வருடம்தான். அதற்கு முந்தையது, அப்பா இருந்த காலம், யாரிடமும் இல்லை.

ஹெர் க்ராமரிடம் போய், என் படங்களை வைக்கப் போவதில்லை, அம்மாவின் படங்களை அவர் பெயரிலேயே வைக்க வேண்டும் என்றேன். படங்களைப் பார்த்தார். படத்தின் மேல் எழுத்து இருக்கக் கூடாது என்பது கழக விதி.

“என்ன எழுதியிருக்கிறது?”

“காலை வணக்கம்.”

“எல்லாவற்றிலுமா?”

“தினமும்.”

பேனாவை எடுத்து, எழுத்து படத்தின் ஒரு பகுதி என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டார்.

படிவங்கள் செம்பாக்கத்துக்குப் போயின. கணக்கு டீச்சர் ஒரு கட்டத்தையும் விடவில்லை. தையல்சிட்டு: சமையலறை ஜன்னலிலிருந்து நான்கு அடி. வண்ணத்துப்பூச்சி: ஆறு அடி. இலைக்கோழி: வாசலிலிருந்து இருநூற்று முப்பது அடி, நடந்து அளந்தது. பத்தில் ஒன்பதை அம்மாவும் நானும் பேசித் தேர்ந்தெடுத்தோம். பத்தாவதை நானும் பாட்டியும் பார்த்துக்கொள்கிறோம் என்றாள் ஹன்னா.

கண்காட்சி திறந்த அன்று கார் நிறுத்த இடம் தேடி நான் தாமதமாகப் போனேன். மற்றவர்களின் படங்கள் கதவளவு பெரிது. வாட்ஸ்அப்பில் வந்தவை என்பதால் அம்மாவுடையதை அஞ்சலட்டை அளவுக்கு மேல் அச்சிட முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சுவரோடு மூக்கை வைத்து நின்றார்கள். பத்தாவது படத்துக்கு முன்னால் கும்பல். நான் உள்ளே நுழைந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

மொட்டை மாடியிலிருந்து எடுத்த படம். ஏரிக்கரை, பின்னால் கோரை, காலை வெயில். நடுவில் உடம்பெல்லாம் இலை தொங்க நான், சுற்றிலும் செம்பாக்கம். இடுப்பில் கை வைத்த அந்த அம்மாகூட இருக்கிறார். மேலே மஞ்சளில் ‘காலை வணக்கம்’. துல்லியம் என் முகத்தில் இருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்தில் படிவம், பக்கத்தில் ஹன்னாவின் ஜெர்மன்.

பெயர்: சாமுவேல். வலசை வருவது.

பருவம்: ஜனவரி. பத்து நாள் தங்கும்.

அடையாளம்: ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். தூரத்திலிருந்தே தெரியும்.

குரல்: ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

நான் கொடுத்த உறுதிமொழியை நான் காப்பாற்றிவிட்டேன். உடைத்தது அம்மா.

எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஹெர் க்ராமர் மட்டும் சிரிக்காமல் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்திருந்தார். “இது ஒன்றுதான் பாக்கி. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று உங்கள் அம்மாவுக்கு இரண்டு முறை எழுதினேன். இதைத்தான் அனுப்பினார்” என்றார்.

வீட்டிலிருந்து தூரம்: அவனையே கேட்டுக்கொள்ளவும்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என்னிடம் நீட்டினார். கேலி செய்கிற மனிதர் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

“ஹெர் தேவசகாயம், எத்தனை மீட்டர்?”

அப்பாவைக் கேட்பது போல இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். கண்காட்சி முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பேனா என்னிடம்தான் இருக்கிறது.